கெட்டுப்போன சூப்பர்ஹீரோ தொடரை என்ன செய்வது: ரீபூட்டா, தொடர்ச்சியா?

காமிக்ஸிலிருந்து எடுத்த ஒரு படத்தொடர். முதல் படம் நன்றாக இருந்தது, இரண்டாவது அதைவிட நன்றாக இருந்தது, மூன்றாவதில் எல்லாம் கைமீறிப் போய்விட்டது. செத்திருக்கக் கூடாதவர்கள் செத்துவிட்டார்கள், காமிக்ஸில் பல வருடம் வளர்ந்த கதையை இரண்டு மணி நேரத்துக்குள் திணித்துவிட்டார்கள், ரசிகர்கள் கோபத்தில் இருக்கிறார்கள். அடுத்த படத்தை நீங்கள்தான் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவீர்களா, கிடப்பதை வைத்துக்கொண்டே மேலே கொண்டுபோவீர்களா?

ரசிகர் கதை எழுதுகிறவர்கள், திரைக்கதை பழகுகிறவர்கள், நண்பர்களோடு இதைப் பேசியே விடிய வைக்கிறவர்கள், எல்லாருக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும். பெரும்பாலும் கிடைக்கும் பதில் "தூக்கிப் போட்டுவிட்டு ரீபூட் பண்ணு" என்பதுதான். கோபத்தில் சொல்கிற அந்தப் பதிலில் ஒரு கணக்கு விட்டுப்போகிறது. ரீபூட் செய்தால் தப்புகளோடு சேர்த்து, அந்த முகங்கள்மேல் ஜனங்கள் இத்தனை வருடமாக வைத்திருக்கும் பாசத்தையும் அழிக்கிறோம். பாசத்தைப் புதிதாகச் சம்பாதிக்க இரண்டு மூன்று படமாவது ஆகும். அதனால் எதை அழிக்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு முடிவு எடுப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பழுது எங்கே என்று பாருங்கள்

"படம் மோசம்" என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பழுது தொனியில் இருக்கலாம், கதையில் இருக்கலாம், முன்பின் முரண்பாடுகளில் இருக்கலாம், அல்லது அந்த ஹீரோ யார் என்று புரிந்துகொண்டதிலேயே இருக்கலாம். நாலுக்கும் மருந்து வேறு வேறு.

தொனியில்தான் பழுது என்றால் ரீபூட் தேவையே இல்லை. தோர் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் வந்தது பரவாயில்லை, 2013இல் வந்தது கனத்துப்போய் யார் மனதிலும் நிற்கவில்லை. 2017இல் டைகா வைட்டிட்டி மூன்றாவது படத்தை எடுத்தபோது அதே கிறிஸ் ஹெம்ஸ்வொர்த், அதே லோக்கி, அதே ஓடின். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே வில்லி ஹேலா தோரின் சுத்தியலை ஒரே கையால் நொறுக்கிவிடுகிறாள். அப்புறம் முடியை வெட்டிவிடுகிறார்கள், ஒரு கண் போகிறது, கடைசியில் ஊரே அழிந்துபோகிறது. முந்தைய இரண்டு படங்களிலும் காதலியாக இருந்த ஜேன் எங்கே என்ற கேள்விக்கு ஒரே ஒரு வரி வசனம்தான் பதில். பழைய படம் எதையும் "நடக்கவில்லை" என்று சொல்லாமலேயே, பழைய படத்திலிருந்து கையில் இருந்த சாமான்களை ஒவ்வொன்றாக உடைத்துப் போட்டுப் புது ஆளை வெளியே எடுத்துவிட்டார்கள். நடிகர்மேல் ஏற்கெனவே இருந்த பிரியம் அப்படியே கையில் இருந்ததால்தான் இது முடிந்தது.

முன்பின் முரண்பாடு என்பது ரசிகர்கள் அதிகம் சண்டை போடுகிற விஷயம், ஆனால் நாலில் இதுதான் சின்ன நோய். 2006இல் வந்த மூன்றாவது எக்ஸ்-மென் படத்தின் முதல் காட்சியில், பல வருடங்களுக்கு முந்தைய சம்பவமாக, பேராசிரியர் சார்லஸும், பின்னாளில் அவருக்கு எதிரியாகி மேக்னீட்டோ என்று பெயர் எடுக்கும் எரிக்கும் சேர்ந்து, அபூர்வ சக்தியுள்ள சின்னப் பெண் ஜீனின் வீட்டுக்கு நடந்து வருவார்கள். 2011 படத்தில் பார்த்தால் 1962இலேயே சார்லஸுக்கு முதுகில் குண்டு பாய்ந்து கால் போய்விடுகிறது, எரிக்கும் பிரிந்து போய்விடுகிறான். இரண்டும் ஒத்துவராது. ஒத்துவரவில்லை என்பதற்காக 2011 படத்தை யாரும் வெறுக்கவில்லை, ஜேம்ஸ் மக்அவாயும் மைக்கேல் ஃபாஸ்பெண்டரும் அந்த இருவரின் நட்பை அவ்வளவு நம்பும்படி நடித்திருந்தார்கள். தேதி தப்பு மட்டும்தான் குறை என்றால் அதற்காகத் தொடரையே அழிக்காதீர்கள்.

கதையில் பழுது என்றால் யோசிக்க வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன். ஹீரோ யார் என்பதிலேயே தப்பு என்றால் மட்டும் ரீபூட் பக்கம் கை போகலாம். 1997இல் வந்த பேட்மேன் படம் அப்படிப்பட்டது. அதில் பயமும் இல்லை, துக்கமும் இல்லை, பெற்றோரைக் கண்ணெதிரே இழந்த ஒருவனின் நிழல்கூட இல்லை. அங்கிருந்து ஒரு காட்சி தள்ளிப் போய் நல்ல படம் எடுக்க வழியே கிடையாது. இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் 2005இல் பேட்மேனைத் தரையிலிருந்து கட்டியது அதனால்தான் சரியான முடிவு.

வசூலைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள்

ஒரு படத்தின் முதல் வாரக் கூட்டம் பெரும்பாலும் அதற்கு முந்தைய படத்துக்கான தீர்ப்பு. இதை மனதில் வைத்துக்கொண்டால் பல புதிர்கள் விடுபடும். மூன்றாவது எக்ஸ்-மென் படம் ரசிகர்களை நோகடித்தது, ஆனாலும் ஏறத்தாழ 46 கோடி டாலர் வசூலித்தது, ஏனென்றால் 2003இல் வந்த இரண்டாவது படம் அவ்வளவு நன்றாக இருந்தது. அந்த நோவுக்கான தண்டனை அதற்கு அடுத்து வந்த படங்களுக்கு விழுந்தது. நல்ல பெயர் எடுத்த 2011 படம்கூட 35 கோடியைச் சுற்றித்தான் நின்றது. அந்த நல்ல பெயர் 2014இல்தான் பணமாக மாறியது, ஏறத்தாழ 75 கோடி, அதுவரை வந்த எக்ஸ்-மென் படங்களிலேயே அதிகம். பேட்மேனும் அப்படியே: 2005இல் 37 கோடி, 2008இல் 100 கோடிக்கு மேல்.

அதனால் நீங்கள் எந்த வழியை எடுத்தாலும், முதல் படம் பழைய கடனை அடைக்கத்தான் போகிறது என்று ஏற்றுக்கொண்டு எழுதுங்கள். அந்தப் படத்தை அளவாக எழுதுங்கள், உலகமே அழியப்போகிறது என்கிற கிளைமாக்ஸை அடுத்ததற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

யாரை மறுபடி பார்க்க ஆசை?

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். தொடரில் இருக்கும் கதாபாத்திரங்களின் பெயரை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரே ஒரு கேள்வி: இந்த நடிகர் இந்த வேடத்தில் நாளைக்கே ஒரு காட்சியில் வந்தால் மனசு துள்ளுமா? காமிக்ஸில் அந்தக் கதாபாத்திரம் எவ்வளவு பிடிக்கும் என்பதை இதில் கலக்காதீர்கள், நாம் பார்ப்பது திரையில் இருக்கும் ஆளை. நேர்மையாக எழுதுங்கள், உங்களுக்குப் பிடிக்காத படத்தில்கூட ஒரு நல்ல முகம் இருக்கும்.

ஒரே ஒரு பெயருக்கு எதிரே "ஆமாம்" என்று வந்தாலும், தொடர்ச்சியை விடாதீர்கள். 2009இல் எக்ஸ்-மென் குழுவில் இருக்கும் லோகன் என்கிற வுல்வரினின் கடந்த காலத்தைச் சொல்ல வந்த தனிப்படம் எவ்வளவு மோசம் என்பதை அந்தத் தொடரை நேசித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் ஹியூ ஜாக்மன் மோசம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அவரை மாற்றாமல் 2013இல் இன்னொரு தனிப்படம், 2017இல் "லோகன்". அந்தக் கடைசிப் படத்தில் அவர் நொண்டிக்கொண்டு நடப்பதும், காயம் ஆறாமல் சீழ் வடிவதும், நகம் முழுதாக வெளியே வராமல் கையால் பிடித்து இழுப்பதும் நமக்கு ஏன் அவ்வளவு வலிக்கிறது? 2000இலிருந்து 17 வருடமாக அதே மனிதனை நாம் பார்த்துவந்திருக்கிறோம், அதனால். புது நடிகரை வைத்து எவ்வளவு திறமையாக எடுத்தாலும் அந்த வலி வராது. காலம் மட்டும்தான் அதைக் கொடுக்கும், நடுவில் யாராவது பொறுமையிழந்து ரீபூட் செய்திருந்தால் அந்தப் படம் பிறந்தே இருக்காது.

அதே 2009 படத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. டெட்பூல் என்றாலே வாய் ஓயாமல் பேசுகிறவன், அந்தப் படத்தில் அவன் வாயையே தைத்துவிட்டார்கள். நடிகர் ரயன் ரெனால்ட்ஸ் சரியான தேர்வு, வேடத்தை எழுதியதுதான் முழுத் தப்பு. 2016இல் அதே நடிகரை வைத்துக்கொண்டு வேடத்தின் பழைய கதையை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினார்கள். 5.8 கோடி டாலரில் எடுத்த படம் 78 கோடி வசூலித்தது. ஆக, தாளில் இரண்டு கேள்வி தனித்தனியாக இருக்கட்டும்: நடிகர் வேண்டுமா, அந்த வேடத்தின் கடந்த காலம் வேண்டுமா. ஒன்றுக்கு "ஆமாம்", இன்னொன்றுக்கு "வேண்டாம்" என்று வந்தால் அதுவும் ஒரு தெளிவான வழிதான்.

எல்லாப் பெயருக்கும் "வேண்டாம்" என்று வந்துவிட்டதா? சரி, ரீபூட்.

ரீபூட் என்று முடிவானால்

முதலில் எழுத வேண்டியது, ஹீரோ எப்படி ஹீரோ ஆனான் என்கிற ஆரிஜின் கதை இல்லை. ஸ்பைடர்மேனைச் சிலந்தி கடித்ததும், அவனுடைய பென் மாமா செத்ததும், பேட்மேனின் அம்மாவுடைய முத்துமாலை அறுந்து சந்தில் சிதறியதும் எல்லாருக்கும் மனப்பாடம். 2002இல் சாம் ரைமி சொன்ன ஸ்பைடர்மேன் கதையை 2012இல் மார்க் வெப் மறுபடி சொன்னார். பத்தே வருட இடைவெளி. ஆண்ட்ரூ கார்ஃபீல்டும் எம்மா ஸ்டோனும் எவ்வளவு நன்றாக நடித்தும், தெரிந்த கதையைத் திரும்பக் கேட்கிற அலுப்பு படத்தின் முதல் பாதி முழுக்க இருந்தது. 2007இல் ஏறத்தாழ 89 கோடி, 2012இல் 75 கோடி, 2014இல் 70 கோடி என்று கூட்டம் குறைந்துகொண்டே வந்தது, மூன்றாவது படத்துக்கே போகாமல் அந்தத் தொடர் நின்றுவிட்டது. அதற்கு அடுத்து, 2015இல் சோனியும் மார்வெலும் கைகோத்து டாம் ஹாலண்டைக் கொண்டுவந்தபோது பென் மாமாவின் மரணத்தைக் காட்டவே இல்லை, அது நமக்குத் தெரியும் என்று நம்பி விட்டுவிட்டார்கள்.

காட்டாமல் விடுவது என்றால் உணர்வையும் விட்டுவிடுவது என்று அர்த்தம் ஆகாது. 2022 பேட்மேன் படத்தைப் பாருங்கள். பேட்மேனான புரூஸின் பெற்றோர் கொல்லப்படும் காட்சி படத்தில் இல்லை. மேயர் கொலையான வீட்டுக்கு அவன் வருகிறான், போலீஸ்காரர்கள் அவனை முறைக்கிறார்கள், அங்கே ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான், அப்பாவின் உடலை முதலில் பார்த்தவன் அந்தப் பையன்தான் என்று தெரிகிறது. முகமூடிக்குள்ளிருந்து அந்தக் கண்கள் பையனையே பார்க்கின்றன, வசனம் எதுவும் இல்லை. அந்த ஒரு பார்வையில் ஆரிஜின் கதை முழுதும் வந்துவிடுகிறது. அப்புறம் இறுதிச் சடங்கில் அதே பையன், கடைசியில் வெள்ளத்துக்குள் அவனை நோக்கி நீளும் கை. பழைய காயத்தைத் திரும்ப நடத்திக் காட்டுவதற்குப் பதிலாக, அதே காயத்தை இன்னொருவரிடம் பார்க்கும்படி ஹீரோவை நிறுத்துங்கள். ரீபூட் எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல உத்தி எனக்குத் தெரியாது.

2025 சூப்பர்மேன் இன்னும் நேரடியாகப் போகிறது. சில வரி எழுத்து திரையில் ஓடுகிறது, அவன் மூன்று வருடமாக உலகத்துக்குத் தெரிந்த ஆள் என்று சொல்லிவிட்டு, முதல்முறையாகத் தோற்றுப்போய் அடிபட்டுப் பனியில் வந்து விழுவதில் தொடங்குகிறது. அவன் பிறந்த கிரகமான கிரிப்டான் வெடிப்பதைப் பார்க்க நாம் உட்கார வேண்டியதில்லை.

இதற்கு நேர் எதிர், 2015இல் வந்த ஃபன்டாஸ்டிக் ஃபோர். படம் பாதியை நெருங்கும்போதுதான் அவர்களுக்குச் சக்தியே கிடைக்கிறது. அதற்கப்புறம் குடும்பமாகப் பழகவோ சண்டை போடவோ நேரம் இல்லை, அவசரமாக ஒரு வில்லன், அவசரமாக ஒரு முடிவு. உலகம் முழுக்க 17 கோடி டாலரைக்கூட எட்டவில்லை.

ரீபூட்டுக்கு எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் என்று பலர் கேட்பார்கள். எனக்கு வருடக் கணக்கில் நம்பிக்கை குறைவு. புதிதாகச் சொல்ல ஒன்று இருக்கிறதா என்பதுதான் அளவுகோல். "பழைய படத்தில் பேட்மேன் ஒரு ___, என் படத்தில் அவன் ஒரு ___" என்று ஒரு வாக்கியத்தை எழுதிப் பாருங்கள். இரண்டாவது கோடிட்ட இடத்தில் "இன்னும் இருண்டவன்" என்றோ "இன்னும் யதார்த்தமானவன்" என்றோ மட்டும் வந்தால் உங்களிடம் வண்ணம்தான் இருக்கிறது, ஆள் இல்லை. "துப்பறிகிறவன்" என்று வந்தால் அது ஆள்.

இன்னொன்று, கையில் எடுத்த கதாபாத்திரம் ஒரு குறிப்பிட்ட காலத்தோடு கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கரை எந்த வருடத்திலும் பள்ளிக்கூடத்தில் உட்கார வைக்கலாம். மேக்னீட்டோவை, அதாவது மேலே சொன்ன எரிக்கை, அப்படி நகர்த்த முடியாது. நாஜி வதைமுகாமில் அம்மாவிடமிருந்து பிரிக்கப்பட்ட யூதச் சிறுவன் அவன், அவனுடைய கோபத்துக்கு அர்த்தமே அங்கேதான் இருக்கிறது. 1944இல் சிறுவனாக இருந்தவன் இன்றைக்கு 90ஐத் தொட்டிருப்பான். எக்ஸ்-மென்னை இன்றைய காலத்தில் புதிதாகத் தொடங்குகிற யாரும் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: அவனுக்கு மூப்பு தாமதமாகிறதா, கதையே அறுபதுகளில் நடக்கிறதா, இல்லை வேறு ஏதாவதா. கேப்டன் அமெரிக்காவைப் பனிக்கட்டியில் உறையவைத்து இந்தச் சிக்கலைக் காமிக்ஸே 1964இல் தீர்த்துவிட்டது. ஃபன்டாஸ்டிக் ஃபோர் 1961இல், விண்வெளிப் போட்டியின் சூட்டில் பிறந்த குழு, அதனால் 2025 படம் அவர்களை அறுபதுகளின் சாயலில் இருக்கும் வேறொரு பூமிக்கே கொண்டுபோய் வைத்தது. அந்தக் காலத்தின் துணிச்சல் இல்லாமல் அந்த நாலு பேரும் ராக்கெட்டில் ஏறியதற்கு நியாயம் கிடைக்காது என்று எடுத்தவர்களுக்குப் புரிந்திருந்தது, அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

உரிமை போய்விடக் கூடாதே என்ற அவசரத்தில் எடுக்கும் ரீபூட் பற்றி ஒரு வார்த்தை. குறித்த காலத்துக்குள் படம் எடுக்கத் தொடங்காவிட்டால் கதாபாத்திரம் கைவிட்டுப் போகும் என்பது இந்தத் தொழிலில் சாதாரண ஒப்பந்தம். ஃபன்டாஸ்டிக் ஃபோரின் முதல் படம் அப்படித்தான் ஏறத்தாழ 10 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு, திரையரங்குக்கே வராமல் போனது. அதில் உழைத்த நடிகர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வருத்தமாக இருக்கும். நீங்கள் தாளில் எழுதும்போது உங்களுக்கு அந்தக் கெடு இல்லை, அந்தச் சுதந்திரத்தை வீணாக்காதீர்கள்.

தொடர்வது என்று முடிவானால்

இங்கேதான் கதைப் பழுது வருகிறது. மூன்றாவது எக்ஸ்-மென் படத்தில் ஜீனின் காதலன் ஸ்காட்டைப் படத்தின் தொடக்கத்திலேயே, சாவைக்கூடச் சரியாகக் காட்டாமல் முடித்துவிட்டார்கள். அப்புறம் பேராசிரியர் சார்லஸ் போனார், ஜீன் போனாள். இதை எப்படிச் சரிசெய்வது? 2014 படம் காலத்துக்குள் திரும்பிப் போனது. வருங்காலத்தில் எல்லாரும் அழிந்துகொண்டிருக்கிறார்கள், லோகனின் மனதை 1973க்கு அனுப்புகிறார்கள், அங்கே ஒரு கொலையைத் தடுத்தாக வேண்டும்.

அந்தப் படத்தின் கடைசி நிமிடங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். லோகன் பள்ளியில் ஒரு படுக்கையில் கண் விழிக்கிறான். கதவைத் திறந்தால் பிள்ளைகள் ஓடுகிற சத்தம். நடைபாதையில் ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டே வருகிறான், செத்துப்போனவர்கள் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். ஜீன் வாசலில் நிற்கிறாள். அவன் பேச்சு வராமல் கையை நீட்டுகிறான், குறுக்கே ஸ்காட் வந்து அந்தக் கையைத் தடுக்கிறான், "சில விஷயங்கள் மாறவே மாறாது" என்கிற மாதிரி லோகன் முகத்தில் ஒரு சந்தோஷம். முதல் படத்திலிருந்து வருகிற அந்தப் பழைய போட்டியே அவனுக்கு இப்போது பரிசாகத் தெரிகிறது. 2006இன் தப்பு அழிந்துவிட்டது, ஆனால் அதைச் சுமந்தவன் ஒருத்தன் மிச்சம் இருக்கிறான், அவனுக்கு மட்டும் எல்லாம் நினைவிருக்கிறது. அந்த ஒருத்தன் இல்லை என்றால் இது வெறும் ரப்பர் வைத்து அழித்த வேலையாகப் போயிருக்கும்.

ஆகவே காலப்பயணமோ, மல்டிவர்ஸ் என்கிற இணை உலகங்களோ எடுத்தால் மூன்று விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். அழிந்த கதையை நினைவில் வைத்திருக்க ஒரு ஆள் வேண்டும். அந்த மாற்றத்துக்கு யாராவது ஒரு விலை கொடுக்க வேண்டும். அப்புறம் இதை ஒரு தொடரில் ஒரே தடவைதான் செய்யலாம், இரண்டாவது தடவை செய்தால் எந்தச் சாவையும் யாரும் நம்பமாட்டார்கள்.

தொடர்கிற படத்தில் மன்னிப்புக் கேட்கிற மாதிரி காட்சி வைக்காதீர்கள். பழைய படத்தைக் கிண்டல் செய்கிற வசனம் ரசிகர்களுக்கு அந்த நிமிடம் இனிக்கும், ஆனால் அந்தப் படத்தையும் நேசித்த சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள். அதைவிட, பழைய படத்தின் ஒரு இழப்பை எடுத்து மதித்துப் பாருங்கள். கார்ஃபீல்டின் ஸ்பைடர்மேன் 2014இல் காதலி க்வென்னைக் காப்பாற்ற வலையை வீசுகிறான், வலை அவளை எட்டிவிடுகிறது, ஆனாலும் தாமதமாகிவிட்டது. அந்தத் தொடரே அதோடு நின்றது. ஏழு வருடம் கழித்து 2021இல், வேறொரு ஸ்பைடர்மேனான டாம் ஹாலண்டின் படத்தில், அவனுடைய காதலி எம்ஜே உயரத்திலிருந்து விழுகிறாள், இந்த முறை கார்ஃபீல்ட் வலையை நம்பாமல் தானே பாய்ந்து அவளைக் கையில் தாங்கித் தரையிறக்குகிறார். அவர் கண்ணில் நீர் கோத்துக்கொள்கிறது. கைவிடப்பட்ட ஒரு தொடர், அதற்கு முடிவே கிடைக்காது என்று நினைத்த ஒரு தொடர், சில நொடியில் முடிவைப் பெற்றுவிட்டது. தோற்றுப்போன படம் என்று சொல்லி 2014இன் அந்தக் காட்சியை மறைத்திருந்தால் இது கிடைத்திருக்காது.

தொடர்ச்சியைக் கொல்கிற இன்னொரு விஷயம், முடிவை முன்னாலேயே அறிவித்துவிடுவது. 2022 அக்டோபரில், சூப்பர்மேன், பேட்மேன் எல்லாம் இருக்கும் டிசி நிறுவனப் படங்களின் பொறுப்பு ஜேம்ஸ் கன்னிடமும் பீட்டர் சாஃப்ரனிடமும் போனது, 2023 ஜனவரியில் புதிய உலகத்துக்கான திட்டத்தை வெளியிட்டார்கள். பழைய உலகத்தின் படங்கள் அப்போதும் வரிசையில் காத்திருந்தன. இனி இந்தக் கதை எங்கேயும் போகாது என்று தெரிந்த பிறகு யார் டிக்கெட் எடுப்பார்கள்? 2018இல் 100 கோடி டாலரைத் தாண்டிய அக்வாமேனின் இரண்டாம் பாகம் 2023 டிசம்பரில் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. நீங்கள் எழுதுகிற தொடரில் கடைசி அத்தியாயம் என்று ஒன்று இருந்தால் அதைக் கடைசி அத்தியாயமாகவே எழுதுங்கள், அதற்குள் நடப்பது முக்கியம் என்று நம்பவையுங்கள்.

நடுவழி

இரண்டுக்கும் நடுவே போனவர்களும் உண்டு. 2021இல் வந்த சூசைட் ஸ்குவாட் படம் 2016 படத்தை மறுக்கவும் இல்லை, விளக்கவும் இல்லை. ஹார்லி க்வின், அமாண்டா வாலர், ரிக் ஃப்ளாக் என்று வேலை செய்த முகங்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை மாற்றியது, பழைய முகங்களில் ஒன்றைக் கடற்கரைச் சண்டையிலேயே சாகவிட்டு "இங்கே யாருக்கும் பாதுகாப்பு இல்லை" என்று சொல்லிவிட்டது. 2008 ஹல்க் படம், தலைப்பு ஓடுகிற நேரத்துக்குள்ளேயே ஒரு புது ஆரிஜினைச் சொல்லி முடித்துவிட்டு, 2003 படம் ஹீரோவை விட்டுவிட்டுப் போன தென் அமெரிக்காவிலிருந்தே தொடங்கியது. பழைய படம் பார்த்தவருக்கு அது தொடர்ச்சி, பார்க்காதவருக்கு அது முதல் படம்.

நடுவழியில் சறுக்கியது என்று நான் நினைப்பது 2006 சூப்பர்மேன். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் வந்த முதல் இரண்டு படங்களை ஏற்றுக்கொண்டு, பின்னால் வந்த இரண்டை மறந்துவிட்டு, அங்கிருந்து கதையைத் தொடர்ந்தார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் பிராண்டன் ரௌத் தன் சூப்பர்மேனாக இருக்கும்படி விடப்படவில்லை, கிறிஸ்டோபர் ரீவ் மாதிரி இருக்கும்படி நிறுத்தப்பட்டார். ஒருவர்மேல் இருக்கும் பாசத்தை, அவரைப் போலவே இருக்கச் சொல்லி இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. நடிகரை மாற்றினால் அந்த ஆளையும் மாற்றி எழுதிவிடுங்கள்.

காமிக்ஸைத் திறக்கும்போது

காமிக்ஸ் உலகமே அடிக்கடி ரீபூட் செய்கிறதே என்று கேட்கலாம். டிசி 1985இல் தன் உலகங்களையெல்லாம் ஒன்றாக உருக்கியது, 2011இல் மறுபடி 52 இதழ்களை ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கியது. மார்வெல் 2000இல் பழைய ஸ்பைடர்மேனை நிறுத்தாமலேயே பக்கத்தில் ஒரு இளைய ஸ்பைடர்மேனைத் தனி வரிசையாக ஓடவிட்டது. மாதாமாதம் வருகிற இதழுக்கு அது சரிப்படும், ஆறு மாதத்தில் வாசகர் புது ஆளோடு பழகிவிடுவார். படம் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒன்று. நடிகருக்கு வயதாகும். அங்கே சும்மா கிடைக்கிற பழக்கம் இங்கே கிடைக்காது.

இதை, எக்ஸ்-மென்னின் ஜீன் தன் சக்தியாலேயே அழிந்துபோகிற டார்க் ஃபீனிக்ஸ் கதைதான் எனக்குப் புரியவைத்தது. கிறிஸ் கிளேர்மான்ட்டும் ஜான் பிர்னும் 1980இல் அதைக் காமிக்ஸில் முடித்தபோது வாசகர்களுக்கு ஜீன் கிரேவை 1963இலிருந்து தெரியும். 17 வருடம் கூட இருந்த பெண் கையைவிட்டுப் போகிறாள், அதனால்தான் அந்தக் கதை அப்படிப் பாதித்தது. திரையில் அதை இரண்டு முறை எடுத்தார்கள், 2006இலும் 2019இலும், இரண்டு முறையும் சைமன் கின்பெர்க் எழுத்தில் இருந்தார், இரண்டாவது முறை இயக்கியதும் அவர்தான். இரண்டாவது முறை நிச்சயம் காமிக்ஸுக்கு இன்னும் நெருக்கமாகப் போக ஆசைப்பட்டிருக்கிறார்கள். ஆனால் சோஃபி டர்னரின் ஜீனை அதற்கு முன்னால் நாம் பார்த்தது ஒரே ஒரு படத்தில். இழக்கிற அளவுக்கு அவளை நமக்குத் தெரியாது. 20 கோடி டாலர் செலவில் எடுத்த படம் 25 கோடி வசூலித்து, அந்தத் தலைமுறை எக்ஸ்-மென்னின் கடைசிக் கூட்டுப்படமாக முடிந்தது.

காமிக்ஸைத் திறக்கும்போது சம்பவத்தைக் குறித்துக்கொள்வதற்கு முன்னால், அந்தச் சம்பவம் நடக்கும்போது வாசகர் அந்த ஆளோடு எத்தனை நாள் பழகியிருந்தார் என்று பக்கத்தில் எழுதிவையுங்கள். உங்கள் தொடரில் அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லையென்றால் அந்தக் கதையை எடுக்காதீர்கள், எத்தனை பேர் கேட்டாலும். அது வரும்வரை சின்னக் கதைகளை எழுதுங்கள், அவர்களைச் சேர்ந்து சாப்பிட வையுங்கள், சண்டை போட வையுங்கள், ஒருத்தரை ஒருத்தர் காப்பாற்ற வையுங்கள்.

எழுதி முடித்ததும், அந்தத் தொடரில் ஒரு படம்கூடப் பார்க்காத ஒருவரிடம் முதல் பத்துப் பக்கத்தைக் கொடுங்கள், எல்லாப் படத்தையும் பார்த்த ஒருவரிடமும் கொடுங்கள். முதலாமவர் "இவன் யார்?" என்று கேட்கிற இடத்தில் ஒரு கோடு போடுங்கள். இரண்டாமவர் "இது எனக்குத் தெரியுமே" என்று சொல்கிற இடத்தில் இன்னொரு கோடு. முதல் கோட்டுக்கு அவன் யார் என்று காட்டுகிற ஒரு செயலைச் சேருங்கள், இரண்டாவது கோடு விழுந்த பத்தியை வெட்டிவிடுங்கள், அப்புறம் மறுபடி கொடுத்துப் பாருங்கள்.